வாசகர் கேள்வி – பதில்: போர்முனையிலிருந்து திரும்பியவர்களின் நினைவும் பேச்சும்

போரில் நேரடியாகப் பங்கேற்ற முன்னாள் படைவீரர்கள் தங்கள் அனுபவத்தை வீட்டில் எப்படிச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது பற்றி எழுதும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதியவை. குடும்பங்களின் நலன் கருதிப் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி (வாசகி, வேலூர் மாவட்டம்): என் அப்பா 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்தவர். அங்கிருந்த குளிர், லங்கரில் (படையின் சமையற்கூடத்தில்) கிடைத்த ரொட்டி, உடனிருந்த பஞ்சாபி நண்பர் செய்த சேட்டைகள் எல்லாவற்றையும் பேரப்பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். ‘சண்டை எப்படித் தாத்தா இருந்தது?’ என்று அவர்கள் கேட்டால் மட்டும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுகிறார். அரை நூற்றாண்டு கடந்த பிறகும் எங்களிடம் சொல்ல முடியாதபடி அப்படி என்ன இருக்கிறது? எங்களை அவர் நம்பவில்லையா?

பதில்: உங்கள் அப்பா போரைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார் என்பதை முதலில் கவனியுங்கள். குளிரும் ரொட்டியும் நண்பரின் சேட்டையும் போருக்கு வெளியே நடந்தவை என்று நாம் நினைக்கிறோம். பதுங்கு குழியில் கிடந்தவருக்கு அவைதாம் போரின் பெரும்பகுதி. மேற்கு எல்லையில் 1971 டிசம்பர் 3 முதல் 17 வரை நீண்ட அந்தப் போரில், ஒரு சிப்பாய் நேருக்கு நேர் சண்டையிட்ட நேரம் சில மணிகளாகவே இருந்திருக்கலாம். அதற்கு முன்னும் பின்னும் அவர் காத்திருந்த காலமோ மாதக் கணக்கில் நீண்டது. அந்தக் காத்திருப்பை அவர் தம் பேரப்பிள்ளைகளுக்குத் தாராளமாகத் தந்திருக்கிறார்.

மிகக் கடுமையான அனுபவத்தைச் சாப்பாட்டின் வழியாகச் சொன்ன ஒரு சிப்பாயின் குரல் நூறாண்டுகளுக்கு மேலாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் பலர், பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃப் என்னும் இடத்திலிருந்த முகாமில் அடைக்கப்பட்டிருந்தார்கள். உலக மொழிகளின் ஒலிகளைச் சேகரிக்க விரும்பிய ஜெர்மானிய அறிஞர்கள் அவர்களை ஒலிப்பதிவுக் கருவியின் முன் நிறுத்திப் பேசச் சொன்னார்கள். 1916 டிசம்பர் 11 அன்று மால் சிங் என்னும் பஞ்சாபிச் சிப்பாய் பேசியது, இன்றும் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகத்தில் இருக்கிறது. ஒரு மனிதன் இருந்தான் என்று அவர் கதை போலத் தொடங்குகிறார். அந்த மனிதன் இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்று, பால் குடித்து வாழ்ந்தவன். ஐரோப்பியரின் போருக்கு வந்தான். ஜெர்மனி அவனைப் பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்ப வேண்டும், பழைய சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும் என்று அவன் ஏங்குகிறான். மிகச் சிறிய அந்தப் பேச்சில் குண்டுவீச்சும் இல்லை, பிணங்களும் இல்லை, ‘நான்’ என்ற சொல்லும் இல்லை. தம்மையே யாரோ ஒருவராக்கி, வெண்ணெயைப் பற்றிப் பேசித்தான் அவரால் தம் துயரத்தைச் சொல்ல முடிந்தது. அதைக் கேட்டவர்களுக்கு அவருடைய துயரத்தைவிட அவருடைய உச்சரிப்பே தேவைப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். பேச மறுப்பது பெரும்பாலும் நம்பிக்கையின்மையால் அல்ல. சண்டையைச் சொல்லத் தொடங்கினால் அதில் இறந்தவர்களையும், தம் கையால் நடந்தவற்றையும், அப்போது தமக்கிருந்த அச்சத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. பேரப்பிள்ளைகள் அறிந்திருப்பது ஒரு தாத்தாவை. இருபது வயதில் துப்பாக்கியோடு நின்ற அந்த இன்னொருவரை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று அவர் முடிவு செய்திருக்கிறார். அதே மனிதர் தம் பட்டாலியன் தொடங்கப்பட்டதைக் கொண்டாடும் ரைசிங் டே நாளில் பழைய தோழர்களோடு அமரும்போது, வீட்டில் ஒருநாளும் சொல்லாத பெயர்களைச் சொல்வதை உடன் சென்ற மனைவிமார் பலர் வியப்போடு குறிப்பிடுவதுண்டு. அங்கே அவர் எதையும் விளக்க வேண்டியதில்லை; படை வரைபடத்தில் ஒரு குன்றுக்கு இட்ட எண்ணைச் சொன்னால் போதும், மற்றவருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

ஆகவே ‘சண்டை எப்படி இருந்தது’ என்று குழந்தைகளை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அந்தப் பஞ்சாபி நண்பரின் பெயர் என்ன, எந்த ஊர்க்காரர், பிறகு அவரைப் பார்த்தீர்களா என்று ஒருநாள் தனியாக இருக்கும்போது கேளுங்கள். அந்த நண்பர் திரும்பி வராதவராக இருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி (வாசகர், மதுரை): என் சித்தப்பா எல்லையிலிருந்து எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. ஒன்றிலும் போரைப் பற்றி எதுவுமே இல்லை. ‘இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல், மாட்டுக்குத் தீனி வாங்கியாயிற்றா’ என்ற அளவில்தான் இருக்கின்றன. அவர் வேண்டுமென்றே மறைத்தாரா?

பதில்: மறைக்க வேண்டியது அவருடைய கடமையாகவும் இருந்தது. அந்த உறைகளில் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள், 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று மட்டும் இருக்கும். இடத்தின் பெயரே வெளியே தெரியக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ராணுவ அஞ்சலக முகவரி அது. இடத்தையே எழுதக் கூடாது என்னும்போது அங்கே நடப்பதை எப்படி எழுதுவது?

இந்த வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1914 செப்டம்பரில் பிரான்ஸின் மார்சே துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படையினரின் கடிதங்களைப் படித்துப் பார்க்கவே ஆங்கிலேயர் தனித் தணிக்கை அலுவலகம் ஒன்றை நடத்தினார்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார். அதைத் தணிக்கை அதிகாரி படிப்பார். ஊரில் வேறொருவர் வாசித்துக் காட்டுவார். இத்தனை பேர் காதில் விழுந்தபின்தான் செய்தி மனைவிக்குப் போய்ச் சேரும். அதனால் சிப்பாய்கள் சங்கேதமாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள். இந்தியச் சிப்பாய்களைக் கருமிளகு என்றும் வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சிவப்பு மிளகாய் என்றும் குறித்து, கருமிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று எழுதினார்கள். அதிகாரிகள் அதையும் கண்டுபிடித்துக் குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தணிக்கைக்காரர் மொழிபெயர்த்து எழுதி வைத்ததால்தான் அந்தச் சிப்பாய்களின் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

உங்கள் சித்தப்பாவின் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் படித்துப் பாருங்கள். எந்த வாரங்களில் கடிதமே இல்லை, எப்போது கையெழுத்து மாறுகிறது, எப்போது திடீரென்று நிலத்தையும் கடனையும் பற்றித் தம்பிக்கு விரிவாக எழுதுகிறார் என்று பாருங்கள். தாம் திரும்பாமல் போகலாம் என்று நினைத்தவர் எழுதும் கடிதம் பல நேரங்களில் பத்திரத்தையும் பங்காளியையும் பற்றியதாகவே இருக்கும்.

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர்): எங்கள் தாத்தா சொல்லும் போர்க் கதையை ரெஜிமென்ட்டின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தேதி பொருந்தவில்லை, அவர் இருந்ததாகச் சொல்லும் இடத்தில் அன்று அவருடைய கம்பெனி இல்லை. சிறு வயதில் நான் கேட்ட கதைக்கும் இப்போது சொல்வதற்கும் வேறுபாடு இருக்கிறது. பொய் சொல்கிறாரோ என்று நினைக்கவே மனம் கூசுகிறது.

பதில்: அந்தக் கூச்சம் நல்லது. ஆனால் பொய்யா, மெய்யா என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் நினைவு எப்படி இயங்குகிறது என்பது நமக்குப் புரியாமல் போகும். 1991 வளைகுடாப் போரிலிருந்து திரும்பிய 59 அமெரிக்கப் படைவீரர்களிடம், திரும்பி ஒரு மாதம் ஆனபோதும், பிறகு இரண்டு ஆண்டுகள் ஆனபோதும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். சுடப்பட்டீர்களா, நண்பர் இறப்பதைப் பார்த்தீர்களா என்பது போன்ற, ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லக்கூடிய நேரடிக் கேள்விகள் அவை. 1997இல் வெளியான அந்த ஆய்வின்படி, 88 சதவீதத்தினர் குறைந்தது ஒரு விடையையாவது மாற்றிச் சொன்னார்கள். முதலில் இல்லை என்றவர்கள் பின்னர் ஆம் என்றார்கள். முதலில் ஆம் என்றவர்கள் சிலர் பின்னர் இல்லை என்றார்கள். மனத்துன்பம் கூடுதலாக இருந்தவர்களிடத்தில், முதலில் சொல்லாத நிகழ்ச்சிகள் பின்னர் கூடுதலாக இடம்பெற்றன. இரண்டே ஆண்டுகளில் இவ்வளவு மாற்றம் நிகழும் என்றால், ஐம்பது ஆண்டுகளில் உங்கள் தாத்தாவின் நினைவில் ஒரு தேதி நகர்ந்திருப்பதில் என்ன வியப்பு?

தோழர்கள் சொன்னது, ரேடியோவில் கேட்டது, திரையில் பார்த்தது ஆகியவை எல்லாம் சொந்த நினைவோடு கலப்பதும் உண்டு. முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்பொலியில் போரிட்ட ஆஸ்திரேலிய முதியவர்களிடம் 1980களில் வாய்மொழி வரலாறு சேகரித்தவர்கள் இதை நேரில் கண்டார்கள். அப்போது வெளிவந்திருந்த திரைப்படத்தின் காட்சிகள் சிலருடைய சொந்தக் கதைக்குள் புகுந்திருந்தன. அந்த முதியவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. தாங்கள் பட்டதற்கு ஊரும் நாடும் ஒப்புக்கொள்ளும் ஒரு வடிவத்தை அவர்கள் வாழ்நாள் முழுவதும் தேடிக்கொண்டிருந்தார்கள்; கிடைத்த வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள்.

எதிர்ப்புறமும் ஒன்று சொல்ல வேண்டும். ஆவணங்கள் தெரிவிப்பதே இறுதி உண்மை என்று நினைத்து ஒரு வீரரின் சொல்லைத் தள்ளிவிடுவது பெரும் அநீதியாக முடியலாம். 1962 நவம்பர் 18 அன்று லடாக்கின் சுஷுல் பகுதியில், 16,000 அடிக்கும் மேலே இருக்கும் ரெசாங் லா கணவாயில், 13 குமாவோன் பட்டாலியனின் சார்லி கம்பெனி மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் சீனப் படையை எதிர்த்து நின்றது. சுமார் 120 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிரோடு திரும்பிய மிகச் சிலர், எங்கள் கம்பெனி கடைசிக் குண்டு வரை போரிட்டது என்று சொன்னபோது பலர் அதை நம்பவில்லை; ஓடிவந்தவர்களோ என்ற சந்தேகத்தையும் அவர்கள் சுமக்க வேண்டியிருந்தது. 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் போன ஓர் இடையர் உடல்களைக் கண்டு சொன்ன பிறகுதான் உண்மை வெளிவந்தது. பனியில் உறைந்திருந்த உடல்களின் கைகளில் அப்போதும் ஆயுதங்கள் இருந்தன. மருத்துவ உதவியாளரின் கையில் ஊசி இருந்தது. இடையிலிருந்த அந்த மாதங்களில், தோழர்களை இழந்து வந்தவர்களிடம் ‘நிரூபி’ என்று கேட்ட ஒரு நாட்டில் அவர்கள் வாழ்ந்தார்கள். இதை எழுதும்போது எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

உங்கள் தாத்தாவின் கதையில் தேதியையும் இடத்தையும் ரெஜிமென்ட் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அச்சம், பசி, யார் பக்கத்தில் இருந்தார், யார் குரல் கேட்டது என்பவற்றை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் புத்தகத்தை விரித்து வைத்துத் திருத்தாதீர்கள்.

கேள்வி (வாசகர், திருநெல்வேலி மாவட்டம்): என் பெரியப்பா 1987இல் இந்திய அமைதி காக்கும் படையில் யாழ்ப்பாணத்தில் இருந்தார். கார்கில் நாளில் எங்கள் ஊர்ப் பள்ளியில் மற்ற மிலிட்டரிக்காரர்களை மேடையேற்றிச் சால்வை போடுகிறார்கள். இவர் போவதே இல்லை. ‘என் சண்டையை யாரும் கேட்க வேண்டாம்’ என்கிறார். தமிழர்களோடு சண்டையிட்ட தமிழர் என்று ஒரு முறை யாரோ முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்களாம். அவரோடு நான் எப்படிப் பேசுவது?

பதில்: வந்த கடிதங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான்.

நாட்டுக்குப் பெருமை தந்ததாகக் கருதப்படும் போர்களுக்கு விழாவும் மேடையும் இருக்கின்றன. அந்த மேடையில் ஒரு வீரருக்குச் சொற்கள் ஆயத்தமாகக் கிடைத்துவிடும். கார்கில் போரின் பெயரான ‘ஆபரேஷன் விஜய்’ என்று தொடங்கினாலே கூட்டம் கைதட்டும். உங்கள் பெரியப்பாவின் போருக்கு அப்படி ஒரு மேடை தமிழ்நாட்டில் அமையவில்லை. 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை ஒட்டி அங்கே இறங்கிய படையை யாழ்ப்பாணத்து மக்கள் முதலில் மாலையிட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே தெருக்களில் விடுதலைப் புலிகளோடு போர் மூண்டது. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்புவதற்குள் ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் இறந்திருந்தார்கள். திரும்பி வந்த படையைச் சென்னையில் வரவேற்கும் நிகழ்ச்சிக்கு அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை. ஈழத் தமிழர்கள் அடைந்த துன்பத்தைக் கருதியே அவர் அந்த முடிவை எடுத்தார். தமிழகத்தில் பலர் அதை ஏற்றும் கொண்டார்கள். ஆனால் கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய் எந்த முடிவையும் எடுத்தவர் அல்லர் என்பதை அந்த நேரத்தில் எடுத்துச் சொன்னவர்கள் குறைவு.

அந்தப் படையில் மதராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன்களும் இருந்தன. தமிழ் தெரியாத வீரருக்கு எதிரே அழுதவரின் சொற்கள் வெறும் ஓசையாக இருந்திருக்கலாம். உங்கள் பெரியப்பாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருக்கும். சோதனைச் சாவடியில் நின்ற கிழவி ‘தம்பி’ என்று அழைத்தது, வீட்டைச் சோதனையிடும்போது உள்ளேயிருந்து வந்த முனகல், எதிர்ப்பக்கத்து வானொலியில் கேட்ட தமிழ் ஆகிய எல்லாம் அவருக்குத் தெளிவாகவே விளங்கியிருக்கும். இது என் ஊகம். அவர் நினைவில் இருப்பது வேறாகவும் இருக்கலாம்.

யாழ்ப்பாணத்து மக்களின் நினைவில் அதே மாதங்கள் வேறு வடிவில் இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். 1987 அக்டோபர் 21, 22 நாள்களில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளோடு மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டதை அவர்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். உங்கள் பெரியப்பாவின் வலியை நாம் கேட்பதற்காக அந்த நினைவை மூடி வைக்க வேண்டியதில்லை; அந்த நினைவை மதிப்பதற்காக உங்கள் பெரியப்பாவை வாய்மூடச் சொல்லவும் வேண்டியதில்லை. அவர் அங்கே என்ன செய்தார், எதைப் பார்த்துக்கொண்டு நின்றார், எதைத் தடுக்க முயன்றார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவரே தம்மை விசாரித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

எந்தப் போரைக் கேட்க விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தே யார் பேசுவார் என்பது முடிவாகிறது. இரண்டாம் உலகப் போரில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றினார்கள். அதே காலத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ் ஆண்களும் பெண்களும் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். பர்மா எல்லையில் இந்த இரண்டு படைகளும் எதிரெதிராக நின்றன. விடுதலைக்குப் பிறகு நேதாஜியின் படையினருக்குத் தியாகி என்ற பெயர் கிடைத்தது. அவர்களைக் கேட்க மேடைகள் இருந்தன. வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர் என்று சொல்லப்பட்ட மற்றவர், கொஹிமாவில் தாம் பட்டதை யாரிடமும் சொல்லாமலேயே போய்ச் சேர்ந்தார். இரண்டு பேரும் ஒரே மழையில் நனைந்து, ஒரே மலேரியாவில் கிடந்தவர்கள்.

பெரியப்பாவிடம் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை, நீங்கள் எங்கே போனாலும் உடன்வந்து கேட்க அணியமாக இருக்கிறேன். டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில் இலங்கையில் இறந்தவர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இலங்கையின் கோட்டே நகரிலும் அவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. அவருடைய தோழர்களின் பெயர்கள் அங்கே இருக்கக்கூடும். அவரை டெல்லிக்கு அழைத்துச் செல்ல முடிந்தால் அழைத்துச் செல்லுங்கள். எந்த மேடையிலும் அவரை ஏற்ற முயலாதீர்கள்.

கேள்வி (பள்ளி மாணவர், திருச்சி): எங்கள் பள்ளிக்குக் கார்கிலில் போரிட்ட ஒருவரை அழைத்திருக்கிறோம். ‘எத்தனை எதிரிகளைச் சுட்டீர்கள்?’ என்று கேட்கலாமா?

பதில்: கேட்க வேண்டாம், தம்பி. அந்தக் கேள்விக்கு அவர் எண் சொன்னாலும் துன்பம், சொல்லாவிட்டாலும் துன்பம். மேலே ஏறும்போது முதுகில் எவ்வளவு எடை இருந்தது, தண்ணீருக்கு என்ன செய்தீர்கள், செய்தி எப்படி வந்தது, யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேள். மகிழ்ச்சியோடு விரிவாகச் சொல்வார்.

கேள்வி (தமிழாசிரியை, தஞ்சாவூர்): போர் பற்றிய நம் பழம் பாடல்கள் வெற்றியையும் விழுப்புண்ணையுமே பேசுகின்றன. போரிட்டவரின் மனக்கலக்கத்துக்கு அங்கே இடமே இல்லையா?

பதில்: இடம் உண்டு, வகுப்பில் நாம் அதை வேகமாகக் கடந்துபோய்விடுகிறோம். முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கு உறக்கம் வரவில்லை. புண்பட்டுப் பெண் யானைகளை மறந்த களிறுகளையும், அம்பு பாய்ந்து உண்ணாமல் நிற்கும் குதிரைகளையும், செஞ்சோற்றுக் கடன் தீர்த்து மாண்ட வீரர்களையும் நினைத்துக்கொண்டு, ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மறு கையால் தலையைத் தாங்கி நெடுநேரம் இருக்கிறான். நெடுநல்வாடையின் இறுதியில் மன்னன் நள்ளிரவில் உறங்காமல், வாடைக் காற்றில் அலையும் விளக்கொளியில், புண்பட்ட வீரர்களைப் பார்த்துவரப் புறப்படுகிறான். இவை இரண்டும் புலவர்கள் அரசனைப் பற்றிப் பாடியவை. சாதாரண வீரன் தன் வாயால் சொன்னவை அல்ல. அந்த வீரனுக்குக் கிடைத்தது பெயரும் பீடும் எழுதிய நடுகல். அவன் உயிரோடு திரும்பியிருந்தால் தன் வீட்டில் என்ன சொல்லியிருப்பான் என்று மாணவர்களை எழுதச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி (வாசகி, தர்மபுரி): என் கணவர் படையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. தீபாவளி நெருங்கினால் அறையைப் பூட்டிக்கொள்கிறார். இரவில் கத்திக்கொண்டு எழுகிறார். ‘நடந்ததை நினைக்காதீர்கள், மறந்துவிடுங்கள்’ என்று நானும் மாமியாரும் சொல்லிப் பார்த்துவிட்டோம். பயனில்லை.

பதில்: மறந்துவிடு என்ற அந்த அறிவுரையைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார். அவருக்கும் நம் நீலகிரிக்கும் தொடர்பு உண்டு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1901–02இல் நீலகிரியில் தங்கித் தோடர்களின் வாழ்க்கையைக் கேட்டு எழுதியவர். முதல் உலகப் போரின்போது எடின்பரோவுக்கு அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில், போரால் மனம் பாதிக்கப்பட்டு வந்த அதிகாரிகளுக்கு அவர் சிகிச்சை அளித்தார். அங்கு வந்தவர்களில் பலருக்கு ஏற்கெனவே கிடைத்திருந்த அறிவுரை, நீங்கள் சொல்லும் அதே அறிவுரைதான். பகல் முழுவதும் நினைவை விரட்டுவதிலேயே கழித்தவர்களை இரவில் அது பன்மடங்காகத் தாக்குவதை ரிவர்ஸ் கண்டார்.

அவரிடம் வந்த ஓர் அதிகாரி, குண்டில் சிதறிக் கிடந்த நண்பரின் உடலைத் தேடிப்போய்க் கண்டவர்; ஒவ்வோர் இரவும் அதே காட்சி கனவில் வந்தது. உடல் அப்படிச் சிதறியிருந்ததாலேயே நண்பர் வலி உணராமல் நொடியில் இறந்திருப்பார் என்பதை ரிவர்ஸ் அவருக்கு எடுத்துச் சொன்னார். பிறகு வந்த கனவில் அந்த அதிகாரி நண்பரின் அருகே மண்டியிட்டு, வீட்டாருக்கு அனுப்ப வேண்டிய பொருள்களை எடுத்து வைத்தார். அச்சத்தோடு எழுபவர் துக்கத்தோடு எழுந்தார். பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ரிவர்ஸ் சொல்லவில்லை. பற்றிக்கொள்ள எந்த ஆறுதலும் இல்லாத கொடிய நினைவோடு வந்த வேறொருவருக்குத் தம் முறை பயன்படவில்லை என்பதையும் அவரே எழுதி வைத்தார். அவருடைய நேர்மைக்காகவே எனக்கு அவர்மீது மிகுந்த மதிப்பு உண்டு.

கிரெய்க்லாக்கார்டில் கிடைத்த அந்தப் பொறுமை எல்லாருக்கும் கிடைக்கவில்லை. அதே போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படை 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் மனம் பாதிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். 2006இல்தான் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் 1970 முதல் நியூயார்க்கில் தாங்களாகவே வட்டமாக அமர்ந்து பேசத் தொடங்கி, மனநல மருத்துவர்களையும் அங்கே அழைத்த பிறகு, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இந்த மனப் பாதிப்பு ஒரு நோயாக இடம்பெற்றது. இன்று மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்) என்று அழைப்பது இதைத்தான். உங்கள் கணவருக்கு அது இருக்கிறதா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதற்குச் சிகிச்சை உண்டு, பலர் தேறியிருக்கிறார்கள்.

முன்னாள் படைவீரருக்கான ஈ.சி.ஹெச்.எஸ். என்னும் மருத்துவத் திட்டத்தின் அட்டை இருந்தால், அருகிலுள்ள அதன் பாலிகிளினிக்கில் சொல்லி மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416 எந்த நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம். அவர் இரவில் கத்தி எழும்போது உலுக்கி எழுப்பாமல், சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி அழையுங்கள். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி அவர் பேசினால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தீபாவளிக்குச் சில நாள் பட்டாசுச் சத்தம் குறைந்த உறவினர் ஊருக்குப் போவதில் எந்தக் குறையும் இல்லை.

கேள்வி (வாசகி, சென்னை): தாத்தா சொல்வதைச் செல்போனில் பதிவு செய்ய விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

பதில்: முதலில் அவருடைய அனுமதியைக் கேளுங்கள், பாதியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன் என்றும் சொல்லுங்கள். தொடங்குவதற்கு அவருடைய பதக்கங்களும் டிஸ்சார்ஜ் புத்தகமும் நல்ல துணை. 1971இல் கிழக்கு முனையில் இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவருக்குப் பஸ்சிமி ஸ்டார். கார்கில் என்றால் ஆபரேஷன் விஜய் பதக்கம். ஒவ்வொன்றையும் கையில் கொடுத்து இது எப்போது கிடைத்தது என்று கேட்டால் போதும். படையில் சேர்ந்த நாள், பயிற்சி, முதல் ரயில் பயணம் என்று வரிசையாகப் போனால் அவரே போருக்கு வந்து சேர்வார். சில நாள் அதற்கு முன்பே நின்றுவிடுவார்; அன்று அவ்வளவுதான். நீங்கள் கேள்வியைக் குறைத்து, அவர் பேசி முடித்த பிறகும் சிறிது நேரம் பதிவை ஓடவிடுங்கள். முக்கியமானது பல நேரங்களில் அப்போதுதான் வரும்.

இறந்த தோழர்களின் பெயரைச் சொன்னால் ஊரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்தில் யாரேனும் அதைக் கேட்கக் காத்திருக்கக்கூடும். பதிவை இரண்டு இடங்களில் சேமியுங்கள். தேதியையும் பேசியவர் பெயரையும் எழுதி வையுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாமல் அதில் ஒரு நொடியைக்கூட வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.